நான்கு மூலை மஞ்சள்

சிம்மக்கல், மதுரை
2.3.1982

அன்புள்ள அழகுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் செல்லத்தாயும் சுகமா? பிள்ளைக்கு இருமல் நின்றதா?

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். வகுப்பில் நிற்கிறேன், பாடம் நடத்துகிறேன், மணி அடித்ததும் வெளியே வருகிறேன். பிள்ளைகள் சத்தம் போடுவதே இல்லை. டீச்சர் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அமைதியாக இருங்கள் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். முன்பு அவர்களை அதட்டவாவது வாயைத் திறப்பேன்.

போன வாரம் சலவைக்காரர் அவருடைய சட்டைகளைக் கொண்டுவந்தார். மார்கழியில் போட்டவை. ஊருக்குப் போயிருந்தவருக்கு இங்கே நடந்தது தெரியாது. "சார்ட்ட சொல்லுங்கம்மா, லேட்டாயிருச்சுன்னு கோவிச்சுக்க வேணாம்னு" என்றார். சரி என்றேன். சலவைக்கட்டின் நூலைக்கூட அவிழ்க்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கருமாதி முடிந்து நீ போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாய். இழவு வீட்டில் 'வாரேன்' என்று சொல்லக் கூடாது, முறை அதுதான். ஆனால் நீ போய்விட்டாயா, தெருமுனைக் கடையில் நிற்கிறாயா என்று எனக்கு வெகுநேரம் தெரியவில்லை.

இதோடு ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் கவுன்சலிங் என்று எம்.ஏ. படிப்பு வந்திருக்கிறது. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்து, பேசவிட்டு, அவர்களே ஒரு வழிக்கு வரும்வரை கூட இருக்கிற வேலை. இரண்டு வருடம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஐப்பசியில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் இல்லை.

சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவர் நற்சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நமக்குப் பாடம் நடத்திய மொக்கைச்சாமி சாரைவிட யார் இருக்கிறார்கள்? வாங்கி எனக்கு அனுப்பிவிடு. ஏப்ரல் பத்தாம் தேதி கடைசி நாள்.

வெயிலில் அலையாதே.

அக்கா
சீனியம்மாள்


எழுமலை
10.3.82

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி அழகம்மாள் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். செல்லத்தாய்க்கு இருமல் விட்டது, வாய்தான் விடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுதவில்லையே.

கவர் வந்தது. உன் மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். பருத்தித் தாட்டுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தவர் கோணூசியை அப்படியே நிறுத்திவிட்டு, "அடுத்தவுக கஷ்டத்தக் கேக்குறதுக்கு ஒரு படிப்பா? டீக்கடைல பேச்சிமுத்து அண்ணே அதத்தான செய்யிறாரு, அவருக்கு எவன் பட்டம் குடுத்தான்?" என்றார். நான் விடவில்லை. "பேச்சிமுத்து அண்ணே கேட்டுட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள ஊரு பூராம் சொல்லிருவாரு. அக்கா படிக்கப் போறது கேட்டுட்டு வாய மூடிக்கிற படிப்பு" என்றேன். "அப்ப ஒனக்கு அந்தக் காலேசுல சீட்டே கெடைக்காது" என்றார். செல்லத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு இருக்கட்டும். இன்னும் வருஷம் திரும்பவில்லை அக்கா. அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? உசிலம்பட்டிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களோடு வந்து இரு என்று மாப்பிள்ளை எழுதச் சொன்னார். எனக்கும் அதுதான் ஆசை.

மொக்கைச்சாமி சார் மகள் பிரசவத்துக்காகப் போடிக்குப் போயிருக்கிறார். வந்ததும் வாங்குகிறேன்.

நேற்று மேலத்தெருவில் ஒரு துட்டி. விடிந்ததும் போய்விட்டேன். "எழவு வீடுன்னா ஒங்க ஆத்தாளுக்குச் சோறு தண்ணி வேணாம்" என்று பிள்ளையிடம் கேலி பேசுகிறார் உன் மாப்பிள்ளை.

தலைக்கு எண்ணெய் வை. பட்டினி கிடக்காதே.

தங்கச்சி
அழகம்மாள்


சிம்மக்கல்
18.3.1982

அன்புள்ள அழகுவுக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்டாய் என்பதற்காக எழுதவில்லை, உண்மையிலேயே சாப்பிடுகிறேன். உப்பு போட்டேனா இல்லையா என்பதுதான் பாதி நாள் தெரிவதில்லை. அங்கே எல்லோரும் நலந்தானே?

இந்தப் படிப்பு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

துட்டி கேட்க வந்த பெண்கள் எல்லோரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. கல் மாதிரி இருக்கா பாரு என்று பின்னால் பேசியதும் காதில் விழுந்தது. அழ முடியாததால் எனக்கு ஒரு வேலைதான் இருந்தது, கேட்டுக்கொண்டிருப்பது. அப்போது ஒன்று கவனித்தேன். ஒப்பாரியில் முதல் இரண்டு அடிதான் அவருக்காக. பிறகு ஒவ்வொருத்தியும் தன்னுடைய ஆளுக்குப் போய்விடுகிறாள். ஒருத்தி தன் அம்மாவுக்கு அழுதாள். ஒருத்தி உயிரோடு இருந்தும் வீட்டுக்கு வராத மகனுக்கு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டுப் போய்விட்டார்கள். அவர்களை மறுபடி உட்காரவைத்து, இப்போது சொல்லுங்கள் என்று கேட்க யாரும் இல்லை.

நீயும் அழுதாய். எனக்கும் சேர்த்து நீதான் அழுதாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நடுவில் உன் வாயில் வந்த பெயர் அவருடையது இல்லை, அழகு. முத்திருளா, முத்திருளா என்றாய். உன் பிள்ளை போய்ப் பன்னிரண்டு வருடம் இருக்குமா? அன்றிலிருந்து நீ அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் உன்னைக் கேட்டதில்லை.

சார் வந்துவிட்டாரா? மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


சிம்மக்கல்
2.4.1982

அன்புள்ள அழகுவுக்கு,

நலம். உங்கள் நலம் தெரியவில்லை. கடிதம் வந்து வெகுநாளாகிறது.

பத்தாம் தேதி நெருங்குகிறது. கையெழுத்து ஆகிவிட்டதா? நானே வந்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பரீட்சை நேரம், லீவு கிடையாது. தலைமையாசிரியையிடம் இரண்டு வருடச் சம்பளமில்லா விடுப்பைப் பற்றிப் பேசிவிட்டேன். "சீட்டு கெடைக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

நான் அந்தப் பெயரை எழுதியது உனக்குக் கஷ்டமாகிவிட்டதா? அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. விண்ணப்பத்தை மட்டும் அனுப்பு.

செல்லத்தாய்க்குப் பரீட்சை எப்படி?

அக்கா


(தபால் கார்டு)
8.4.1982

அழகுவுக்கு, நலம். இனி நீ அனுப்பினாலும் நான் கோயம்புத்தூருக்குச் சேர்க்க முடியாது. விட்டுவிடு. எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வருகிறதா என்று நேற்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. எல்லோரையும் கேட்டதாகச் சொல். — சீனி.


எழுமலை
15.4.82

அன்புள்ள அக்காவுக்கு,

அழகம்மாள் எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கவர் போய்விட்டது. ஏழாம் தேதியே உசிலம்பட்டிக்குப் போய், கோயம்புத்தூர் விலாசத்துக்கு நேரே ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். உன் கார்டு அதற்குப் பிறகுதான் வந்தது. விலாசம் கேட்ட தபால்காரர், "கட்டாயம் போயிரும் தாயி, நீ போ" என்று சொல்லச் சொல்ல நான் அங்கேயே நின்றேன், பையைக் கட்டி வண்டியில் ஏற்றும்வரை.

சார் போடியிலிருந்து வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பக்கம் நிறைய இங்கிலீஸில் எழுதினார். "சீனியா? அது கேட்டா நான் பக்கம் பக்கமா எழுதுவேன்" என்றார். நான்தான் வாங்கிக்கொண்டுபோய்க் குதிருக்குப் பின்னால் வைத்தேன். எடுக்கவே இல்லை. நீ இங்கே வந்துவிடுவாய் என்று இருந்தேன். கோயம்புத்தூர் போனால் அப்புறம் நீ பட்டணத்து ஆள்களோடு போய்விடுவாய். எனக்கு அக்கா என்று ஒருத்திதானே இருக்கிறாய்.

நெல் அள்ளப் போன உன் மாப்பிள்ளை கவரைப் பார்த்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "வேணாம்னா வேணாம்னு எழுது. இப்புடி ஒளிச்சு வைக்காதடி, அது பாவம். இதயும் இல்லைன்னா அந்த மனுசி என்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்றார். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனேன்.

நீ எழுதியிருந்த மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன் அக்கா.

வெயில் கொடுமையாக இருக்கிறது. மோர் குடி.

அழகம்மாள்


சிம்மக்கல்
13.5.1982

அன்புள்ள அழகுவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து தெரு காலியாகக் கிடக்கிறது. வாசல்வரை போய்ப் பார்த்தேன். கூட்டம் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. மே இருபத்துநான்கு. கையில் வாங்கியதும் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டினேன், அவர்தான் எனக்குப் பதிலாகச் சந்தோஷப்பட்டார்.

கவரை ஒளித்துவைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் எழுதுகிறேன்.

என்ன புடவை கட்டுவது என்று தெரியவில்லை. வெள்ளையும் இல்லாமல் கலரும் இல்லாமல் என்னிடம் ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


எழுமலை
18.5.82

அன்புள்ள அக்காவுக்கு,

அழகம்மாள் அநேக நமஸ்காரம். வீட்டில் யாவருக்கும் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

அந்தச் சாம்பல் கலர் வாயில்துணிச் சேலை இருக்கிறதே, ஓரத்தில் நீலக்கோடு போட்டது, அதைக் கட்டு. அதில் நீ பெரிய டாக்டரம்மா மாதிரி இருப்பாய். செல்லத்தாய் சொல்கிறாள், "பெரியம்மாவச் சிரிச்ச மொகமா இருக்கச் சொல்லும்மா, இல்லைன்னா இவுகளுக்கே கவுன்சலிங் வேணும்னு அனுப்பிருவாக." வாயில் இரண்டு போட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார். எதிரே யார் வந்தாலும் வரட்டும், திரும்பிப் பார்க்காமல் ஏறு.

தங்கச்சி


சிம்மக்கல்
26.5.1982

அன்புள்ள அழகுவுக்கு,

நல்லபடியாகப் போய் வந்தேன். உடம்பு அசதி, வேறில்லை. உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுது.

சாம்பல் சேலைதான் கட்டினேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் சின்னப் பெண்கள். ஒருத்தி என்னிடம், "உங்க பொண்ணு உள்ள போயிருக்காளாம்மா?" என்று கேட்டாள். இல்லை, அடுத்தது நான்தான் என்றேன். அவள் எழுந்து இடம் கொடுத்தாள். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

உள்ளே மூன்று பேர். தலைமை ஒரு அம்மா, பெயர் மெஹருன்னிசா, ஐம்பது வயது இருக்கும். என்ன படித்தீர்கள், என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் ஏற்கெனவே மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். யாரோ சொல்வது போல் எனக்கே கேட்டது. அவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். ஓரத்தில் இருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அந்த அம்மா என் விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கறை?" என்றார். பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள். சாரின் கையெழுத்துப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல், ரேகையோடு. கடிகாரம் பார்த்தவர், "மசாலா டப்பாவுக்குள்ள வச்சிருந்தீங்களா மேடம்?" என்றார். சிரித்தார்கள்.

இதை நீ எனக்கு எழுதவே இல்லையே, அழகு.

எங்கள் பக்கம் நல்ல காரியக் கடிதத்துக்கு மூலையில் மஞ்சள் தடவுவார்கள், இழவுச் செய்தி என்றால் கறுப்பு, அதைப் படித்ததும் கிழித்துவிடுவோம், வீட்டுக்குள் வைப்பதில்லை என்றேன்.

"நீங்க தடவினீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லை, என் தங்கை."

"நீங்க ஏன் தடவல?"

"நான் தொடக் கூடாது."

"ஏன்?"

விண்ணப்பத்தில் விதவை என்று எழுதித்தான் இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாரா, பார்க்காமலா, தெரியாது. என் பதிலுக்குக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நான் வாயைத் திறந்து, "என் வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார்" என்றேன்.

அழகு, அந்த வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டு வந்தார்கள். தந்தி மாப்பிள்ளை கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு யாரோ சொன்னார்கள். சலவைக்காரரிடம்கூட நான் சரி என்றுதான் சொன்னேன். அந்த அறையில்தான் முதல் தடவை. சொன்ன பிறகு என் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. அழவில்லை. கடிகாரம் பார்த்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் ஆறு மாதம், வாரம் ஒரு நாள், மாணவி தன் ஆசிரியை முன்னால் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் பேசுவதைக் கேட்கவிடுவார்களாம். "உங்களுக்கு இது ரொம்பச் சமீபத்துல நடந்திருக்கு. மத்தவங்களுக்கு இருக்கறதவிட உங்களுக்கு வலிக்கும். யோசிச்சு, சம்மதம்னா எழுதுங்க. இல்லைன்னா எடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்" என்றார் அந்த அம்மா. ஜூன் பதினைந்துக்குள் எழுத வேண்டும்.

வந்ததிலிருந்து தாளை எடுத்துவைக்கிறேன். ஒரு சொல்தான் எழுத வேண்டும். பேனா ஓடவில்லை. எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். என்னைச் சொல்லச் சொன்னால் என்னிடம் என்ன இருக்கிறது? இருபது வருடம் அவரோடு இருந்தேன். உள்ளே கையைவிட்டுத் துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. எழுத மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.



அக்கா


எழுமலை
5.6.82

அன்புள்ள அக்காவுக்கு,

அழகம்மாள் எழுதுவது. எல்லாரும் சுகம். நீ சுகமா என்று நான் கேட்க மாட்டேன். இல்லை என்று தெரியும்.

மஞ்சள் தடவியது நான்தான். போஸ்டாபீஸ் வாசலில் நின்று தடவினேன். அம்புட்டு நாள் ஒளித்துவைத்த கையால் சும்மா போடப் பயமாக இருந்தது. பக்கத்துக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, எச்சில் தொடக் கூடாது என்று குழாயில் விரலை நனைத்துத் தடவினேன். அதைப் பெரிய மனுஷர்கள் பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மானம் போச்சு என்று செல்லத்தாயிடம் சொன்னால், "சீட்டே அதுனாலதானம்மா கெடைச்சது" என்கிறாள்.

நீ முத்திருளனைப் பற்றி எழுதிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அவனுக்கு மூன்று வயசு. காய்ச்சல் கண்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வண்டியிலேயே போய்விட்டான். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்போது செல்லத்தாய் என் வயிற்றில் ஏழு மாசம். அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை பொம்பளைகளும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "வயித்துல புள்ள இருக்கு, நீ அழுகக் கூடாது. அழுதா அதுக்கு ஆகாது" என்றார்கள். அவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. அப்புறம் இவள் பிறந்தாள். பிறந்த பிள்ளை முன்னால் எப்படி அழுவது? அப்புறம் நாள் போய்விட்டது. நாள் போன பிறகு அழுதால் கிறுக்கு என்பார்கள்.

அதனால்தான் எங்கே துட்டி என்றாலும் முதல் ஆளாகப் போகிறேன். அங்கே போனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் எனக்கு நல்ல பெயர் அக்கா, அழகம்மா மாதிரி ஈரமான மனசு யாருக்கு வரும் என்று. மச்சானுக்கு அழுததிலும் பாதி அவனுக்குத்தான். நீ கண்டுபிடித்துவிட்டாய். அது தெரிந்ததும் எனக்கு உன் முகத்தில் முழிக்க வெட்கமாகப் போய்விட்டது. கவரை அனுப்பாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கல் மாதிரி இருக்கா என்று உன்னைச் சொன்னார்களே, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். உள்ளே இல்லாமல் இல்லை.

நீ கோயம்புத்தூர் போகுமுன் ஒரு நாள் இங்கே வா. நம் ரெண்டு பேர் மட்டும் தோட்டத்துப் பக்கம் போவோம். நான் முதலில் சொல்கிறேன், அவன் எப்படி நடப்பான், என்ன பேசுவான் எல்லாம். அழாமல் சொல்லிப் பார்க்கிறேன். நீ கேட்டுக்கொண்டு இரு. அப்புறம் நீ சொல். ஒன்றும் வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த அம்மாவிடம் போய் முதல் தடவை சொல்வதற்கு என்னிடம் சொல்வது லேசு இல்லையா?

போகும்போது மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போ. முறை கிறை எல்லாம் பார்க்காதே.

தங்கச்சி
அழகம்மாள்


சிம்மக்கல்
10.6.1982

அன்புள்ள அழகுவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மாப்பிள்ளையும் செல்லத்தாயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி.

சம்மதம் என்று எழுதி இன்று காலையில் தபாலில் சேர்த்துவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். குழம்புக்குப் போடுகிற டப்பாவிலிருந்துதான் எடுத்தேன். தினமும் கரண்டியால் எடுப்பது, இன்று விரலால் எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கழுவியும் நகக்கண்ணில் கொஞ்சம் இருக்கிறது.

பீரோவிலிருக்கும் சலவைக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இங்கே பிரிக்க முடியவில்லை. அங்கே கொண்டுவந்து உன் முன்னால் பிரிக்கிறேன். முதலில் நீ சொல். பிறகு நான் நூலை அவிழ்க்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை வாரேன்.

அக்கா